மேல்மலைக்காரன் பேசறேன்: நிலம், தண்ணி, ஓட்டு

கொடைக்கானல்னு சொன்னா ஏரி, போட்டிங், சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், கீழ இருக்கற நிறைய பேருக்கு அவ்வளவுதான் தெரியும். அந்த டவுனைத் தாண்டி மேற்க போனா பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, போளூர், கிளாவரைன்னு ஊருங்க இருக்கு, அதைத்தான் நாங்க மேல்மலைன்னு சொல்றோம், தாண்டிக்குடி பண்ணைக்காடு பக்கம் இருக்கறது கீழ்மலை. நான் மேல்மலைக்காரன். பூண்டு, உருளைக்கிழங்கு, கொஞ்சம் கேரட், பீன்ஸ், இதுதான் பொழப்பு. எங்கய்யாவும் அவரோட அய்யாவும் இதே மண்ணுல இதே பாத்திலதான் வேலை பாத்தாங்க.

நான் பழைய ஆளு, அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்ல. சாமி, ஊர்க் கட்டுப்பாடு, பெரியவங்க பேச்சு, சொந்த நிலம், இதெல்லாம் எனக்கு முக்கியம். எல்லாத்துலயும் கவர்மெண்ட்டு வந்து நிக்கறது பிடிக்காது, எதையும் அவசரமா மாத்தறதும் பிடிக்காது, வெளியூர்ல உக்காந்துக்கிட்டு நாங்க எப்படி வாழணும்னு சொல்றவங்களையும் பிடிக்காது. படிச்ச பசங்க இதைக் கேட்டா உடனே பிற்போக்குன்னு சொல்லிடறாங்க, சொல்லிட்டுப் போகட்டும். ஆனா நான் இப்படி யோசிக்கறதுக்கு எந்தக் கட்சியும் காரணம் இல்ல, எந்தத் தலைவர் பேச்சும் காரணம் இல்ல. இந்த மலைல என்னென்ன மாத்தினாங்க, அதுல எதை எல்லாம் திரும்ப பழையபடி ஆக்க முடியலன்னு கண்ணால பாத்ததுதான் காரணம்.

முதல்ல புல்லைப் பத்தி சொல்றேன். மன்னவனூர் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், பச்சைப் புல்லு மேடு மேடா போகும், பள்ளத்துல மட்டும் சோலைக்காடு இருக்கும். பழைய காலத்துல மேல்மலை முழுக்க அப்படித்தான் இருந்துச்சாம். வெள்ளைக்காரனுக்கு அது சும்மா கிடக்கற நிலமா தெரிஞ்சுச்சு, அவனுக்கு அப்புறம் வந்த நம்ம அதிகாரிங்களுக்கும் அப்படியே தெரிஞ்சுச்சு. மரம் இல்லாத மலை வீணான மலைன்னு முடிவு பண்ணி சீகை மரம் (இங்கிலீஷ்ல வாட்டில்னு சொல்லுவாங்க), பைன், யூகலிப்டஸ்னு ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு நட்டாங்க. சீகைப் பட்டை தோல் பதனிடறதுக்கு, மரம் மில்லுல கூழாக்கறதுக்கு, விறகுக்குன்னு அன்னைக்கு அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, எங்க ஊர் ஆளுங்க எத்தனையோ பேரு அந்த நடவுக்கு கூலிக்குப் போனவங்கதான். ஆனா புல்லு போச்சு. புல்லுக்குக் கீழ இருக்கற கருப்பு மண்ணுதான் மழைத்தண்ணிய உள்ள வாங்கி வச்சு மாசக்கணக்குல மெதுவா விடும், அப்படித்தான் சித்திரை மாசத்துல கூட ஓடைல தண்ணி ஓடுச்சு. சீகை வந்ததுக்கு அப்புறம் எங்க தோட்டத்துக்கு மேல இருந்த ஊத்து கோடைல நின்னுபோச்சு, எங்கய்யா அந்த ஊத்துல வருஷம் முழுக்க தண்ணி மொண்டவரு. பைன் மரத்துக்கு அடில போய் பாருங்க, ஊசி இலை மெத்தை மாதிரி கிடக்கும், ஒரு செடி முளைக்காது, மாசி பங்குனில தீப்பிடிச்சா அதுதான் முதல்ல எரியும்.

இப்ப எல்லாரும் அந்நிய மரத்தை வெட்டுன்னு சொல்றாங்க, ஹைகோர்ட்டும் சொல்லிருச்சு, 2022ல தமிழ்நாடு அரசும் அதுக்குன்னு ஒரு கொள்கை போட்டுச்சு. நல்லதுதான். ஆனா இதுலயும் அவசரம் ஆகாதுன்னு நான் சொல்லுவேன். சீகை விதை மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா உயிரோட கிடக்கும், மொத்தமா வெட்டி வெயில் பட விட்டா, தீயும் பட்டுச்சுன்னா, ஒரு மரம் இருந்த இடத்துல நூறு கன்னு முளைக்கும். சில இடத்துல அந்த சீகை நிழல்லயே சோலை மரக் கன்னு தானா வந்துக்கிட்டிருக்கு, அங்க போய் மிஷின் வச்சு அறுத்தா அதுவும் போயிரும். வெட்டற இடத்துல வருஷா வருஷம் கன்னைப் பிடுங்கறதுக்கு ஆள் வச்சாத்தான் பிரயோஜனம், அந்த வேலைய உள்ளூர்க்காரனுக்கே கொடுங்கன்னு ஃபாரஸ்ட்காரங்க கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கோம்.

பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் தேரோட்டம் பாத்தவங்களுக்கு நான் சொல்ல வர்றது சட்டுனு புரியும். சமவெளித் தேருக்கு முன்னாடி மட்டும்தான் வடம். எங்க தேருக்கு முன்னாடியும் வடம் உண்டு, பின்னாடியும் வடம் உண்டு. ஊரு சரிவுல இருக்கு, முன்னாடி இழுக்கறவன் மட்டும் இருந்தா தேரு எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது, அதனால பின்னாடி ஒரு கூட்டம் காலை ஊனிப் பிடிச்சுக்கிட்டே வரும். தேரு நகரக்கூடாதுன்னு அவங்க பிடிக்கல. அவங்களும் அதே முருகனுக்குத்தான் கை கொடுக்கறாங்க. இந்த மலை அரசியல்ல முன் வடத்துக்கு எப்பவும் ஆள் இருக்கு, ரோடு போடறவன், ரிசார்ட் கட்டறவன், ஸ்கீம் கொண்டாறவன்னு வரிசைல நிக்கறாங்க, பின் வடத்தைப் பிடிக்கத்தான் ஆள் பத்தல. நான் பின் வடத்துக்காரன்.

மாத்தமே வேண்டாம்னு சொல்லல. உருளைக்கிழங்கே வெளியில இருந்து வந்த பயிருதான். அந்த ஏரியே கூட மதுரைக் கலெக்டரா இருந்த லெவிஞ்ச் துரை 1863ல சதுப்பு நிலத்துக்குக் கரை போட்டு உண்டாக்கினதுதான், இன்னைக்கு அதை நம்பி எத்தனை குடும்பம் பொழைக்குது. வர்றது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வர விடணும், அவ்வளவுதான். தெரியாம வர விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி கண் முன்னாடி இருக்கு. அமெரிக்காவுல நியூயார்க் மாகாணத்துல வாட்டர்டவுன்னு ஒரு ஊர்ல ஓடிக்கிட்டிருந்த ஃபேக்டரி அது, 1980கள்ல பெயர்த்து இங்க கொண்டாந்து வச்சாங்க. மலை மேல இருக்கற பசங்களுக்கு மாசச் சம்பளம், யூனிஃபார்ம், வேன் வருதுன்னு எல்லாருக்கும் சந்தோஷம், பாதரசம்னா என்னன்னு யாரும் சொல்லல. 2001ல மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடைல பாதரசம் ஒட்டின உடைஞ்ச கண்ணாடி கண்டுபிடிச்சதுக்கு அப்புறம்தான் மூடினாங்க. அந்த இடம் பாம்பார் சோலைக்கு மேல இருக்கு, அங்க இருந்து இறங்கற தண்ணி கீழ வைகைப் பக்கம் போகுது. அங்க வேலை பாத்த 591 பேருக்கு கம்பெனியோட சமரசம் ஆனது 2016ல, அதாவது மூடி 15 வருஷம் கழிச்சு, மண்ணைச் சுத்தம் பண்றது எந்த அளவுக்குன்னு சண்டை அதுக்கு அப்புறமும் ஓடுச்சு. யாராவது மலைக்கு ஒரு தொழில் கொண்டாரேன்னு சொன்னா நான் கேக்கற முதல் கேள்வி இதுதான்: இது இருந்த ஊர்ல ஏன் இருக்க விடல, அதோட கழிவு எந்த ஓடைல இறங்கும்.

அடுத்தது நிலம். வாரத்துக்கு ஒரு கார் வந்து நிக்குது, "அண்ணே, இங்க ஒரு அரை ஏக்கர் கிடைக்குமா, ரிட்டயர் ஆனா வந்து செட்டில் ஆகணும், வியூ நல்லா இருக்கணும்"னு. நான் மரியாதையா உக்கார வச்சு டீ கொடுத்துட்டு கேப்பேன், "தம்பி, நீங்க மே மாசம் தவிர வேற எந்த மாசம் இங்க வந்திருக்கீங்க?" பெரும்பாலும் பதில் வராது. அதனால வாங்க நினைக்கறவங்களுக்கு நான் மனசாரச் சொல்றது, ஒரு முழு வருஷம் பாருங்க. ஐப்பசி கார்த்திகைல அடைமழைல வாங்க, அந்த நிலத்துல தண்ணி எந்தப் பக்கம் இறங்குதுன்னு அப்பத்தான் தெரியும், பழைய மண்சரிவுத் தழும்பு எங்க இருக்குன்னு அப்பத்தான் கண்ணுக்குத் தெரியும். மார்கழி தைல உறைபனில வாங்க, காலைல பள்ளத்துல புல்லு வெள்ளையா கருகி இருக்கும், அந்தப் பள்ளத்துல வீடு கட்டினா குளிர் எலும்பைத் தின்னும், அங்கேயே கொஞ்சம் மேட்டுக்கு ஏறினா பனி குறைவா இருக்கும். சித்திரைல வாங்க, ஓடைல தண்ணி இருக்கான்னு பாருங்க, வித்தவன் காட்டின ஊத்து அப்ப இருக்கான்னு பாருங்க.

பேப்பர்ல பட்டா சிட்டா மட்டும் பாத்துட்டு கையெழுத்து போடாதீங்க. அ-பதிவேடு (எந்த நிலம் என்ன வகை, யார் பேர்லன்னு சொல்ற கிராம ரெக்கார்டு) எடுத்துப் பாருங்க, வில்லங்கச் சான்று குறைஞ்சது 30 வருஷத்துக்குப் போடுங்க. நிலமில்லாதவங்களுக்கு கவர்மெண்ட்டு கொடுத்த கண்டிஷன் பட்டாவை இன்னொருத்தர் வாங்கினா செல்லாமப் போகும். 1892ல இருந்து பட்டியல் சமூகத்து மக்களுக்குன்னு ஒதுக்கின பஞ்சமி நிலம், டி.சி. லேண்டுன்னு ரெக்கார்டுல இருக்கும், அதை வேற ஆள் வாங்கறது சட்டப்படியும் தப்பு, தர்மப்படியும் தப்பு, புரோக்கர் இதை எல்லாம் வாயே திறக்க மாட்டான். அப்புறம் 1990ல அமைச்ச மலைப்பகுதிப் பாதுகாப்பு அமைப்பு, ஹாக்கான்னு சொல்லுவாங்க, அந்தப் பட்டியல்ல இருக்கற கிராமத்துல நீங்க நினைச்ச மாதிரி கட்ட முடியாது, மண்ணு வெட்டறதுக்கே அனுமதி வேணும். ஜேசிபி வச்சு ராத்திரில சரிவை வெட்டிட்டு காலைல கல்லு அடுக்கிடலாம்னு சொல்ற மேஸ்திரிய நம்பாதீங்க. வெட்டின சரிவு முதல் மழைல ஒன்னும் ஆகாது, மூணாவது நாலாவது மழைக்காலத்துல மேல இருக்கறவன் தோட்டத்தையும் சேத்து இழுத்துக்கிட்டு வரும்.

எங்க ஊர்ல ஒரு பழக்கம் இருந்துச்சு, நிலத்தை விக்கறதா இருந்தா முதல்ல பங்காளி கிட்ட கேக்கணும், அப்புறம் பக்கத்துத் தோட்டக்காரன் கிட்ட கேக்கணும், அப்புறம் ஊர்ல. யாரும் வேண்டாம்னாத்தான் வெளிய. இப்ப அது போச்சு, செண்டு கணக்குல விலை சொன்னா பங்காளியால எப்படி வாங்க முடியும். கஷ்டம் வந்து விக்கறவனை நான் குறை சொல்ல மாட்டேன், பொண்ணு கல்யாணம், ஆஸ்பத்திரி செலவு, யாருக்கும் வரும். ஆனா வித்தவன் அதே நிலத்துல வாட்ச்மேனா நிக்கறதைப் பாக்கும்போது மனசு தாங்கல. முழுசா விக்காதீங்க, குத்தகைக்கு விடுங்க, ரோட்டோரம் இருக்கறதை வச்சுக்கிட்டு உள்ள இருக்கறதை விடுங்க, இல்லன்னா சொந்தக்காரங்க நாலு பேரு சேந்து வாங்குங்கன்னு எங்க ஊர்ப் பசங்க கிட்ட கெஞ்சிக்கிட்டு இருக்கேன்.

தண்ணி விஷயத்துல பழைய கட்டுப்பாடு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. ஓடைத்தண்ணி முறை வச்சுத்தான் பாயும், உங்க முறை காலைலன்னா மதியத்துக்கு மடைய மாத்திவிட்டுரணும், கல்யாண வீடா இருந்தாலும் சாவு வீடா இருந்தாலும் முறைய இன்னொருத்தர் பாத்துக்குவாரு, தண்ணி நிக்காது. ஊத்துக்கு மேல கக்கூஸ் கட்டக்கூடாது, ஊத்துக் கிட்ட மருந்து டப்பா கழுவக்கூடாது, மரம் வெட்டக்கூடாது, அங்க ஒரு கல்லை நட்டு கன்னிமார்னு கும்பிடுவோம். இதை மூடநம்பிக்கைன்னு சொல்றவங்க வரட்டும், நாங்க கும்பிடற ஊத்துல இன்னும் தண்ணி இருக்குன்னு காட்டறேன். போர்வெல் மெஷினை மலைக்கு ஏத்த ஆரம்பிச்சதுல இருந்துதான் பிரச்சனை, ஒருத்தன் ஆழமா போட்டா பக்கத்து ஊத்து வத்துது, அவன் தண்ணிய லாரில ஏத்தி லாட்ஜுக்கு விக்கறான். எங்க தண்ணி எங்களுக்கு மட்டும் இல்ல, பெரியகுளத்துக்காரங்க குடிக்கறது பேரிஜம் ஏரித் தண்ணி, இந்தப் பக்கம் இறங்கற ஓடைங்க அமராவதிக்கும் பழனிப் பக்கத்து டேமுக்கும் போகுது. மேல ஒருத்தன் ஓடைக்கரைல களைக்கொல்லி அடிச்சா அது கரூர் வரைக்கும் கணக்குல வரும். விவசாயம் பண்ற நம்ம ஆளுங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன், ஓடைக்கரைல பத்தடி புல்லு விடுங்க, கரை வரைக்கும் பாத்தி போட்டா மழைல மண்ணு மொத்தமும் போயிரும்.

பூண்டைப் பத்தி எழுதாம விட்டா எங்க ஊர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க. 2019ல கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு புவிசார் குறியீடு கிடைச்சுச்சு. பேரு கிடைச்ச அளவுக்கு விலை கிடைக்கல, ஏன்னா மலைப்பூண்டுன்னு போர்டு வச்சு வடக்க இருந்து வர்ற பூண்டை விக்கறவன் நிறைய. எங்க பூண்டு பாக்க பெருசா பளபளன்னு இருக்காது, வாசனையும் காரமும் தூக்கலா இருக்கும், நல்லா காய வச்சு புகைல கட்டினா மாசக்கணக்குல கெடாது. எங்க வீட்டுல இன்னும் விதைப்பூண்டை பரண்ல கொத்துக் கொத்தா கட்டித் தொங்கவிட்டு கீழ அடுப்பு எரிப்போம், அந்தப் புகைதான் மருந்து. கேஸ் அடுப்பு வந்ததும் பல வீட்டுல இதை விட்டுட்டாங்க, விட்டவங்க எல்லாம் இன்னைக்கு விதைக்கு கடன் வாங்கறாங்க. இளசுங்களுக்கு நான் சொல்றது, விளைஞ்சதை எல்லாம் அப்படியே வடுகபட்டி சந்தைக்கு ஏத்தாதீங்க, பச்சையா ஏத்தினா எடை நிக்கும் ஆனா விலை நிக்காது. முதல் தரத்தை விதைக்கு எடுத்து வச்சுட்டு மீதிய ஏத்துங்க. விதை கைல இருக்கற வரைக்கும் விவசாயி யார் கிட்டயும் கை கட்ட வேண்டாம்.

கிழங்குல நாங்க பட்ட பாடு வேற. வேர்ல ஊசிமுனை அளவுக்கு மஞ்ச மஞ்சளா உருண்டையா ஒட்டிக்கிட்டிருக்கற நூற்புழுவை நீலகிரில 1961ல கண்டுபிடிச்சாங்க, அப்புறம் நம்ம மலையிலயும் பரவுச்சு. விதைக்கிழங்கோடயும் மண்ணோடயும்தான் அது வரும், ஒரு தடவை நிலத்துல இறங்கிட்டா செடியே இல்லாம வருஷக்கணக்குல கிடக்கும். மருந்தை விட மாத்துப்பயிருதான் இதுக்கு வழி, கிழங்கு எடுத்த பாத்தில அடுத்த போகம் பூண்டு, முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ்னு போட்டு ரெண்டு மூணு வருஷம் கழிச்சுத்தான் திரும்ப கிழங்குக்கு வரணும். வேற தோட்டத்துல ஓடின மெஷினைக் கழுவாம உள்ள விடாதீங்க. எங்கய்யாவுக்கு புழு பேரெல்லாம் தெரியாது, "ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வச்சா மண்ணு கோவிச்சுக்கும்டா"ன்னுதான் சொல்லுவாரு, செஞ்சது அதேதான்.

காட்டுமாடு இப்ப கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருது, வீடியோ எடுக்கறவனுக்கு அது வேடிக்கை, எங்களுக்கு ஒரு ராத்திரில ஒரு போகம். புல்லு போச்சுன்னு மேல சொன்னேன்ல, அதோட விளைவுதான் இதுவும், அதுக்கு மேயறதுக்கு இடம் இல்ல. நான் அதை வெறுக்கல, அதுவும் இந்த மலைக்காரன்தான். ஒரு டன் வரைக்கும் எடை இருக்கற மிருகம், அமைதியா நிக்குதேன்னு செல்ஃபி எடுக்கப் போகாதீங்க, ஹாரன் அடிக்காதீங்க, அதுக்கும் காட்டுக்கும் நடுவுல போய் நிக்காதீங்க, வண்டில இருந்தா லைட்டை டிம் பண்ணிட்டு அது போற வரைக்கும் நில்லுங்க. விவசாயிங்க சோலார் வேலி போட்டா கம்பியைத் தொடற புல்லை வாரம் ஒருக்கா அறுக்கணும், எங்க மூடுபனில ஈரப் புல்லு கம்பில பட்டாலே கரெண்ட் இறங்கிரும், வேலி இருக்குன்னு நம்பி தூங்கினா அவ்வளவுதான்.

காட்டுப்பன்னி விஷயத்துலதான் எனக்குக் கோவம். 2025 ஜனவரில அரசாணை வந்துச்சு, காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னிய வனத்துறை சுடலாம், 1ல இருந்து 3க்குள்ளன்னா பிடிச்சு காட்டுல விடணும், 1 கிலோமீட்டருக்குள்ளன்னா சுடவே கூடாது. கீழ ஒட்டன்சத்திரத்துல இருக்கறவனுக்கு இது உதவும். மேல்மலைல எந்தத் தோட்டம் காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கு? எங்க வேலியே காட்டு எல்லைக் கல்லுதான். சமவெளி மேப்பை வச்சு எழுதின விதி மலைக்கு வந்து சேரும்போது இப்படித்தான் ஆகுது. எங்க ஊர்ல நாலு பேரைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேட்டிருந்தா ஒரே நாள்ல சொல்லியிருப்போம்.

2018 நவம்பர் கஜா புயலை டெல்டாவுல அடிச்ச புயலாத்தான் எல்லாரும் ஞாபகம் வச்சிருக்காங்க, அது திண்டுக்கல் வழியா எங்க மலைமேலயும் ஏறுச்சு. மரம் விழாத ரோடே இல்ல, கரெண்ட் கம்பம் சாஞ்சு கிடந்துச்சு, போன் இல்ல, கொடைக்கானல் டவுனுக்கே வழி இல்லன்னா மேல்மலைக்கு யாரு வரப் போறா. அப்ப ஊரைக் காப்பாத்தினது ஊர்தான். மர அறுவை மெஷின் வச்சிருந்தவங்க முன்னாடி போனாங்க, பசங்க பின்னாடி கட்டையை இழுத்துப் போட்டாங்க, பொம்பளைங்க கோயில் முன்னாடி பொதுவா அடுப்பு மூட்டினாங்க. உடம்பு சரியில்லாத ஒரு பெரியம்மாவை கட்டில்லயே தூக்கிட்டுப் போனோம். அதுல இருந்து எங்க ஊர்ல மழைக்காலம் தொடங்கறதுக்கு முன்னாடி ஊர்க்காசுல டீசலும் ரம்பமும் கயிறும் வாங்கி வச்சிருவோம், ஒவ்வொரு வீட்டுலயும் ரெண்டு வாரத்துக்கு அரிசி, காஞ்ச விறகு, மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஒரு மாச மாத்திரை இருக்கணும்னு பேசி வச்சிருக்கோம். மலைக்குப் புதுசா குடி வர்றவங்க இதை முதல் வேலையா செய்யுங்க, அதோட பக்கத்து வீட்டுக்காரன் பேரைத் தெரிஞ்சு வச்சுக்குங்க, காம்பவுண்டு சுவரை உசத்திக் கட்டிக்கிட்டு உள்ள இருந்தா ரம்பம் எடுத்துக்கிட்டு யாரு வருவா.

டூரிஸ்ட் வரக்கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், எங்க ஊர்ப் பசங்க ஜீப் ஓட்டித்தான் சாப்பிடறாங்க. ஆனா அளவு வேணும். கோர்ட்டு சொல்லி 2024 மே 7ல இருந்து இ-பாஸ் வந்துச்சு, அடுத்த வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் கொடைக்கானலுக்கு சாதாரண நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறுல 6000 வண்டின்னு கணக்கும் வச்சாங்க. வியாபாரிங்க கடையடைப்பு அது இதுன்னு எதிர்த்தாங்க, அவங்க கஷ்டம் எனக்குப் புரியுது. நான் அளவு வைக்கறதை ஆதரிக்கறேன். பிரசவ வலி வந்த பொண்ணை ஏத்தின ஆம்புலன்ஸ் டூரிஸ்ட் வண்டிக்கு நடுவுல மணிக்கணக்கா நின்னதைப் பாத்தவன் நான். என் வருத்தம் என்னன்னா இந்த அளவை நாமளே வச்சிருக்கணும், கோர்ட்டு வரைக்கும் போக விட்டிருக்கக் கூடாது. 1993ல மாஸ்டர் பிளான் போட்டாச்சு, அதை மீறி வருஷக்கணக்கா கட்டடம் எழும்பிக்கிட்டே இருந்துச்சு, 2019ல ஹைகோர்ட் உத்தரவுல சீல் வைக்க ஆரம்பிச்சப்ப சின்ன லாட்ஜுக்காரன் தலைலதான் மொத்தமா விழுந்துச்சு. முதல் செங்கல் வைக்கும்போதே தடுத்திருந்தா அவன் கடனாளி ஆகியிருக்க மாட்டான்.

வர்றவங்களுக்கு ரெண்டே வார்த்தை. இறங்கும்போது எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க, ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க, பனி மூட்டத்துல ஹை பீம் போடாதீங்க. போதைக் காளானைத் தேடிக்கிட்டு பூம்பாறை மன்னவனூர்னு திரியற பசங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது, விக்கறவன் இது இயற்கைல முளைக்கறது ஒன்னும் ஆகாதுன்னு சொல்றான், அது போதைப்பொருள் சட்டத்துல வர்ற குத்தம், ஜெயிலுக்குப் போறது ஒரு பக்கம், எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் அந்தக் காசுக்கு ஆசைப்பட்டு படிப்பை விட்டுட்டு நிக்கறான். வெள்ளகவிக்குப் போனா அந்த ஊருக்குள்ள யாரும் செருப்பு போடறதில்ல, அந்த மண்ணையே சாமியா நினைக்கறாங்க, நீங்களும் கழட்டிட்டுப் போங்க. பிடிக்கலன்னா ஊருக்கு வெளியவே நின்னு பாத்துட்டு திரும்பிருங்க.

கடைசியா ஓட்டு. நாங்க பழனி சட்டமன்றத் தொகுதி, திண்டுக்கல் பாராளுமன்றத் தொகுதி. ஓட்டு அதிகம் இருக்கறது கீழ, அதனால வேட்பாளர் எந்தக் கட்சியா இருந்தாலும் கீழதான் நாள் முழுக்க சுத்துவாரு, மேல்மலைக்கு ஒரு சாயங்காலம் வருவாரு, பூண்டு மாலை போடுவோம், ரோடு போடறேன்னு சொல்லிட்டு இருட்டறதுக்குள்ள இறங்கிருவாரு. வெள்ளகவிக்கு ரோடு இல்லாம ஓட்டு மெஷினே குதிரைல போச்சு, மெஷினைக் கொண்டு போக வழி கண்டுபிடிச்ச கவர்மெண்ட்டுக்கு நர்ஸைக் கொண்டு போக வழி தெரியல. நான் கட்சி பாத்து ஓட்டு போடறதை எப்பவோ விட்டுட்டேன். மூணு கேள்வி கேப்பேன். கொடைக்கானல் ஆஸ்பத்திரில ராத்திரி டாக்டர் இருப்பாரா, இல்ல எல்லாரையும் தேனிக்கே அனுப்பப் போறீங்களா. எங்க ஊர் ஓடைத்தண்ணி பத்தி எந்த முடிவு எடுத்தாலும் முன்கூட்டி எங்க கிட்ட கேப்பீங்களா. மேல்நிலைப் பள்ளிக்கூடத்துல காலியா இருக்கற வாத்தியார் இடத்தை நிரப்புவீங்களா. இலவசம் என்ன தர்றீங்கன்னு நான் கேக்கறதே இல்ல, எங்க ஊர்ப் பெரியவங்களுக்கும் கேக்காதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன், கை நீட்டி வாங்கிட்டு அப்புறம் எப்படிக் கேள்வி கேக்கறது.

எனக்கு நம்பிக்கை இருக்கற ஒரே இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு நாள் சட்டப்படி நீங்க பேசறதை எழுதியாகணும். 2025 ஜனவரி 5ஓட எங்க மாவட்டத்துல பஞ்சாயத்துத் தலைவருங்க பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போச்சு, தலைவர் இல்லன்னு சொல்லி நம்ம ஆளுங்களும் கிராம சபைக்கு வர்றதைக் குறைச்சுட்டாங்க, அதுதான் பெரிய தப்பு. தலைவர் இல்லாதப்பத்தான் கூட்டமா போகணும். போகும்போது தீர்மானத்தை வீட்டுலயே எழுதி எடுத்துட்டுப் போங்க, பொதுவா தண்ணிப் பிரச்சனைன்னு எழுதாதீங்க, எந்த சர்வே நம்பர்ல எந்த ஊத்து, யாரு போர் போடறா, என்ன தடுக்கணும்னு எழுதுங்க. தீர்மானப் புத்தகத்துல ஏறினதுக்கு அப்புறம்தான் கையெழுத்து போடணும், வெத்துப் பக்கத்துல கையெழுத்து கேட்டா போடாதீங்க. புத்தகத்தை மூடறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை போன்ல போட்டோ எடுத்துக்குங்க, மறுவாரம் கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல அதோட நகலை வச்சு மனு கொடுத்து ரசீது வாங்குங்க. ஊத்துக்குப் பக்கத்துல வந்து நின்ன ஒரு போர்வெல் லாரியை நாங்க அப்படித்தான் திருப்பி அனுப்பினோம், ஒரு கல்லு எறியல, ஒரு கொடி பிடிக்கல, ரசீதும் தீர்மான நகலும் மட்டும்தான் கைல இருந்துச்சு. அடுத்த சபைக்கு சீகைக் கன்னு பிடுங்கற வேலைய நூறு நாள் வேலைல சேக்கச் சொல்லி எழுதி வச்சிருக்கேன், மேல்மலைல மத்த ஊர்க்காரங்களும் அதே வாசகத்தை அவங்கவங்க சபைல வச்சீங்கன்னா வலு கூடும், வேணும்ங்கறவங்க வந்து வாங்கிக்குங்க.